தத்துக் கோப்பு எங்கே இருக்கும், யார் கேட்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

(தத்து பற்றி எழுதிய எல்லோருமே பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். ஊரை மட்டும் தருகிறோம்.)

நான் பிறந்தது 1997-ல். சென்னையில் ஒரு இல்லத்திலிருந்து என்னைத் தத்தெடுத்ததாக அப்பாவும் அம்மாவும் சிறுவயதிலேயே சொல்லிவிட்டார்கள். நீதிமன்ற உத்தரவின் நகல் ஒன்றுதான் கையில் இருக்கிறது. என்னைப் பெற்றவரைப் பற்றித் தெரிந்துகொள்ள எங்கே தொடங்குவது?
– வாசகி, கோயம்புத்தூர்

அந்த ஒரு நகலே நல்ல தொடக்கம்தான். அதில் மனு எண்ணும் ஆண்டும் இருக்கும். குழந்தையின் பெயர் இருக்கும் இடத்தையும் பாருங்கள். அங்கே பெரும்பாலும் இல்லத்தில் வைத்த பெயர்தான் இருக்கும், உங்கள் இன்றைய பெயர் இருக்காது. பழைய பதிவேட்டில் உங்களைத் தேட அந்தப் பெயர்தான் சாவி. இன்றைய பெயரை மட்டும் எழுதிக் கேட்டுவிட்டு, "அப்படி ஒரு பதிவே இல்லை" என்ற பதிலோடு திரும்பியவர்கள் நிறைய.

உங்களுக்கு இருக்கும் சட்ட வழி, 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் சொல்லப்பட்டிருக்கும் 'வேர் தேடல்'. பதினெட்டு வயது நிறைந்தவர் டெல்லியில் உள்ள மத்திய தத்துவள ஆணையத்துக்கு, அதாவது 'காரா'வுக்கு, இணையம் வழியே தானே விண்ணப்பிக்கலாம். பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. அடையாளச் சான்று, தத்து உத்தரவு, இல்லத்தின் பெயர், வளர்த்தவர்கள் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். அதே நாளில் இல்லத்துக்கும், அது இருக்கும் மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் நகல் அனுப்பிவிடுங்கள். ஓரிடத்தில் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும்.

கடிதத்தில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேளுங்கள். நான் எந்தச் சூழலில், எந்தத் தேதியில், யார் மூலம் இல்லத்துக்கு வந்தேன், என் உடல்நலக் குறிப்பு என்ன என்பது ஒன்று. என்னைப் பெற்றவரைத் தொடர்புகொள்ள முடியுமா என்பது மற்றொன்று. இரண்டையும் கலந்து எழுதினால், இரண்டாவதற்குச் சொல்லும் 'முடியாது' முதலாவதையும் சேர்த்து மூடிவிடும். முதலாவது உங்களுக்குக் கிடைக்க வேண்டிய தகவல். பெற்றவர் சம்மதிக்க மறுத்தாலும், அவரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டாலும், ஒப்படைப்பின் காரணத்தையும் சூழலையும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஒப்படைக்கும்போது தன் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று அவர் கேட்டிருந்தால், அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பெயரும் முகவரியும் தர மாட்டார்கள். உங்கள் உரிமை அவருடைய தனிமையைக் கடக்கக் கூடாது என்பது சட்டத்தின் நிலை. அது சரியான நிலை என்றே நாங்களும் கருதுகிறோம்.

நீதிமன்றக் கோப்பு தனி வழி. அந்த வழக்கில் மைனராக இருந்தவர் நீங்கள், அதனால் மூன்றாம் நபர் அல்ல. மனு எண்ணைக் குறிப்பிட்டு, நீங்கள்தான் அந்த மைனர் என்பதற்கான ஆவணங்களை இணைத்து, வழக்கறிஞர் மூலம் நகல் மனு போடுங்கள். உத்தரவின் நகல் மட்டும் போதாது. குழந்தை பற்றிய ஆய்வறிக்கை, ஒப்படைப்புப் பத்திரம், மருத்துவப் பரிசோதனை அறிக்கை என்று மனுவோடு தாக்கலான இணைப்புகளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பழைய வழக்குகளில் உத்தரவைப் பத்திரமாக வைத்துவிட்டு இணைப்புகளை அழிப்பது வழக்கம் என்பதால், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழில் பெற்றவர் பெயரைத் தேடாதீர்கள். தத்துக்குப் பிறகு எடுத்த சான்றிதழில் வளர்த்தவர்களின் பெயர்தான் இருக்கும். ஆனால் பதிவு செய்த தேதியும் பதிவு அலுவலகமும் பேசும். பிறந்து பல மாதம் கழித்து, உங்கள் வீட்டார் ஒருநாளும் வசிக்காத ஓர் ஊரில் பதிவாகியிருந்தால், தேடலை அந்த ஊரிலிருந்து தொடங்கலாம்.

கோப்பில் ஒரு முகவரி கிடைத்துவிட்டாலும் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மணமாகாமல் கருவுற்ற பெண்கள் ஊர்ப் பெயரை மாற்றிச் சொன்னதுண்டு. மாவட்டமே மாறிப்போனதும் உண்டு. 1997-ல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. அன்றைய தருமபுரியில் ஒரு பகுதி 2004-ல் கிருஷ்ணகிரி ஆனது. பழைய மாவட்டப் பெயரை வைத்துக்கொண்டு இன்றைய வரைபடத்தில் தேடினால் ஊர் கிடைக்காது. வட்டம், அஞ்சல் நிலையம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

ஊர் தெரிந்ததும் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு டீக்கடையில் போய் விசாரிக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். அந்த அம்மாவுக்கு இன்று கணவரும் பிள்ளைகளும் மருமகளும் இருக்கலாம், அவர்களில் யாருக்கும் இது தெரியாமல் இருக்கலாம். முதல் பேச்சு ஒரு பெண் சமூகப் பணியாளர் மூலம், அவர் வீட்டுக்கு வெளியே, அவர் தனியாக இருக்கும் நேரத்தில் நடக்க வேண்டும். முதல் முறை பயந்து 'நான் இல்லை' என்று சொல்பவருக்கு, நினைத்துப் பார்த்துப் பிறகு கூப்பிட ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

இருபது வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகாத நிலையில் பிறந்த மகனை ஓர் இல்லத்தில் எழுதிக் கொடுத்தேன். அவனைத் தேட எனக்கு வழி இருக்கிறதா?
– வாசகி, மதுரை மாவட்டம்

அம்மா, விதிகள் வேர் தேடும் வழியைத் தத்துப் போன பிள்ளைக்குத்தான் தந்திருக்கின்றன. பெற்றவர் தேடிப் போக வழி வைக்கவில்லை. ஒப்படைத்த நாளிலிருந்து அறுபது நாள் யோசிக்க அவகாசம் உண்டு. அது கடந்து தத்து முடிந்த பிறகு மகனின் முகவரியை உங்களுக்குத் தர யாருக்கும் அதிகாரமில்லை.

ஆனால் கதவின் உங்கள் பக்கத்துத் தாழ்ப்பாளை நீங்கள் திறந்து வைக்கலாம். "என் பிள்ளை என்னைத் தேடி வந்தால் என் பெயரையும் முகவரியையும் தரச் சம்மதிக்கிறேன்" என்று தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட கடிதத்தை இல்லத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் கொடுங்கள். ஒப்படைத்த தேதி, அன்று நீங்கள் சொன்ன பெயர், குழந்தை பிறந்த மருத்துவமனை எல்லாவற்றையும் எழுதுங்கள். அன்று வேறு பெயர் சொல்லியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் கடிதம் சரியான கோப்பில் சேராது. வீடோ தொலைபேசி எண்ணோ மாறும்போதெல்லாம் மறுபடி எழுதிக் கொடுங்கள். உங்கள் குடும்பத்தில் சர்க்கரை, இதய நோய், வலிப்பு போன்றவை இருந்தால் அதையும் சேர்த்து எழுதலாம். உங்களைச் சந்திக்க அவர் ஒருநாளும் வராவிட்டாலும் அந்தக் குறிப்பு அவருக்கு உதவும்.

நான் தொட்டில் குழந்தை என்று சொல்கிறார்கள். எனக்கும் ஏதாவது ஆவணம் இருக்குமா?
– வாசகர், சேலம்

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் உங்கள் சேலத்தில்தான் தொடங்கியது. பெண் சிசுக்களைக் காக்கத் தொடங்கிய திட்டம் என்றாலும், ஆண் குழந்தைகளும் தொட்டிலுக்கு வந்திருக்கிறார்கள். பெற்றவர் பெயர் கேட்காமல் வாங்கிக்கொள்வதுதான் அதன் அடிப்படை. எனவே பெயர் கிடைக்கும் என்று நம்பிக்கை தர மாட்டோம். வரவேற்பு மையத்தின் பதிவேட்டில் வந்த நாள், நேரம், எடை, உடல்நிலை ஆகியவை இருக்கலாம். தொப்புள்கொடி விழுந்திருந்ததா என்ற குறிப்பு இருந்தால் பிறந்த நாளைச் சில நாள் துல்லியத்தில் ஊகிக்கலாம். கைவிடப்பட்ட குழந்தையாகப் பதிவாகியிருந்தால் காவல் நிலையத் தகவலும், படத்தோடு நாளிதழில் வந்த அறிவிப்பும் இருக்க வாய்ப்புண்டு. உங்கள் முதல் புகைப்படம் அந்த அறிவிப்பாகவே இருக்கலாம். பெற்றவர் தெரியாத நிலையிலும், இல்லத்துக்கு வந்த சூழலையும் தத்து நடந்த முறையையும் உங்களிடம் தெரிவிக்க விதி இடம் தருகிறது. மையத்தை மூடிவிட்டார்கள் என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும், சென்னையில் உள்ள மாநிலத் தத்துவள முகமையையும் கேளுங்கள்.

என் கணவர் தமிழ்நாட்டில் பிறந்து 1986-ல் நெதர்லாந்துக்குத் தத்துப் போனவர். டச்சுக் குடியுரிமை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாமா? மரபணுச் சோதனையில், பெற்றோர் இருவரும் நெருங்கிய ரத்த உறவு என்று வந்திருக்கிறது. அவர் மிகவும் கலங்கிப் போயிருக்கிறார்.
– வாசகி, நெதர்லாந்து

கடைசியில் எழுதியிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். அத்தை மகளையோ மாமன் மகளையோ அக்காள் மகளையோ கட்டுவது தமிழ்நாட்டில் ஊரறிய, முறைப்படி நடக்கும் திருமணம். மேலைநாட்டில் எழுதப்பட்ட விளக்கங்களைப் படிப்பவர்களுக்கு அந்த முடிவு ஏதோ கொடுமை நடந்ததன் தடயம் போலத் தோன்றும். அப்படி நினைக்க வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரேபோல் வந்த பகுதிகள் மொத்த மரபணுவில் சுமார் 6 சதவீதம் என்றால் அத்தை, மாமன் பிள்ளைகளின் திருமணத்தோடு பொருந்தும். சுமார் 12 சதவீதம் என்றால் தாய்மாமன் திருமணத்தோடு பொருந்தும். சுமார் 25 சதவீதம் வந்தால்தான் வேறு கேள்வி எழும்.

இதே பழக்கம் உறவுப் பட்டியலையும் குழப்பும். பொதுவாக ஒன்றுவிட்ட சகோதரர்களிடையே பொதுவான மரபணு 850 சென்டிமார்கனை (மரபணுத் துண்டுகளின் நீளத்தைச் சொல்லும் அலகு) ஒட்டியும், இரண்டுவிட்டவர்களிடையே 230-ஐ ஒட்டியும் இருக்கும். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த குடும்பத்தில் இந்த எண்கள் ஊதிப் பெருகும். தூரத்துச் சொந்தமும் நெருங்கிய சொந்தமாகக் காட்டும். மொத்த எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், ஆக நீளமான துண்டு எவ்வளவு என்று பாருங்கள். 10 சென்டிமார்கனுக்குக் குறைந்த துண்டுகள் குவிந்து பெரிய எண் வந்திருந்தால் அது பழைய உறவு. பெற்றவர், பிள்ளை உறவு மட்டும் ஏமாற்றாது. அது 3,400-க்கு மேல் வரும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தச் சோதனையைச் செய்துகொண்டவர்கள் மிகக் குறைவு. பொருத்தம் வருவதானால் பெரும்பாலும் வெளிநாட்டில் குடியேறிய சொந்தம் வழியாகத்தான் வரும், பொறுமை வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். அவர் பெயரில் போடும் மனு நிற்காது. வெளிநாட்டுத் தத்தைக் கவனிக்கும் டச்சு மத்திய அதிகார அமைப்பு அல்லது இந்தியத் தூதரகம் வழியாகவோ, நேராகவோ காராவுக்கு விண்ணப்பிக்கலாம். நெதர்லாந்தில் ஃபியோம் அமைப்பு பிறப்புவழித் தேடலில் உதவுகிறது. அனுப்பிய இல்லத்தின் அறிக்கை அங்குள்ள தத்துக் கோப்பில் இருக்கக்கூடும், முதலில் அதை வாங்குங்கள்.

இங்கே பார்க்க வேண்டியது பாதுகாவலர் வழக்கு. அந்தக் காலத்தில் வெளிநாட்டினருக்கு நேரடியாகத் தத்து கிடையாது. 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் அவர்களைப் பாதுகாவலராக நியமிக்கும், தத்து அவர்கள் நாட்டில் முடியும். 1984-ல் எல்.கே. பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பின், இத்தகைய மனுக்களை ஒரு குழந்தைநல அமைப்பு ஆய்வு செய்து கருத்துச் சொல்ல வேண்டும் என்றானது. உங்கள் கணவரின் மனு அதற்குப் பிந்தியது. ஆகவே இல்லம், நீதிமன்றம் தவிர ஆய்வு செய்த அமைப்பிடமும் காகிதங்கள் போயிருக்கும். எந்த அமைப்பு என்பது உத்தரவிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும்.

நகல் வாங்க இங்கே ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் தருவதானால், அங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும் என்பதற்கான அரசுச் சான்று) பெற்று அனுப்புங்கள். பத்திரம் இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும், பலர் இதில்தான் தவறுகிறார்கள். அந்தப் பத்திரம் நீதிமன்ற நகலுக்கு மட்டுமே. மூன்றாம் நபர் வேர் தேடுவதை விதிகள் தடுக்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு அம்மாவைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்பவரிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள். யாரையாவது கொண்டுவந்து அம்மா என்று நிறுத்தினால், மரபணுச் சோதனைக்கு முன் உறவு கொண்டாட வேண்டாம்.

என்னை மருத்துவமனையிலேயே வாங்கி, சொந்தப் பிள்ளையாகப் பதிந்துவிட்டார்கள் என்று அத்தை சொன்னார். எந்தக் காகிதமும் இல்லை.
– வாசகர், ஈரோடு

இங்கே வேர் தேடல் விண்ணப்பம் உதவாது, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் தத்தே நடக்கவில்லை. முதலில் அத்தை சொன்னது உண்மையா என்று பாருங்கள். வளர்த்தவர்கள் இருவருக்கும் ரத்தம் 'ஓ' வகை என்றால் அவர்களுக்கு 'ஏ' வகைப் பிள்ளை பிறக்காது. ஆனால் அரிய விதிவிலக்குகளும் பழைய பரிசோதனைத் தவறுகளும் உண்டு. உறுதி மரபணுச் சோதனையில்தான். சிகிச்சைக் குறிப்புகளை மருத்துவர்கள் மூன்றாண்டு வைத்திருந்தால் போதும் என்பது விதி. அதனால் மருத்துவமனையில் பழைய கோப்பு இருக்க வாய்ப்புக் குறைவு. அப்போது பணியிலிருந்த செவிலியர், ஆயா ஆகியோரின் நினைவுதான் மிஞ்சும். வளர்த்தவர்களிடம் கேட்காமல் காவல் நிலையத்துக்கோ ஊடகத்துக்கோ போய்விடாதீர்கள். பொய்யான பதிவுக்கு வயதான காலத்தில் அவர்கள் பதில் சொல்ல வேண்டிவரும். ஒரு வழக்கறிஞரிடம் தனியாகப் பேசிவிட்டு அடுத்த அடி எடுங்கள்.

என் அப்பாவை அவருடைய பெரியப்பாவுக்குச் சுவீகாரம் கொடுத்ததாகப் பத்திரம் பதிந்தார்களாம். நகல் எடுக்க முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

எடுக்கலாம், உங்கள் அப்பா பெயரில். சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் இருக்கும். சுவீகாரப் பத்திரம் அதில் வராது, பல்வகை ஆவணங்களுக்கான 4-ஆம் புத்தகத்தில் பாருங்கள். வில்லங்கச் சான்றில் தேடி, இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 4-ஆம் புத்தகத்தின் நகலை எழுதிக் கொடுத்தவருக்கும் அதன்படி உரிமை கோருபவருக்கும் அவர்களின் பிரதிநிதிக்கும்தான் தருவார்கள். அதில் கொடுத்தவர், எடுத்தவர் இருவரின் கையெழுத்தும் இருக்கும். இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, பிறந்த வீட்டில் திருமண உறவு கூடாதவர்கள் தத்துக்குப் பிறகும் கூடாதவர்களே. வீட்டில் வரன் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

தத்துப் போன என் தங்கையை நான் தேடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

விண்ணப்பிக்க முடியாது. தேட வேண்டியவர் அவர்தான். உங்கள் தாய் இருந்தால், மேலே மதுரை வாசகிக்குச் சொன்ன கடிதத்தை அவர் கொடுக்கட்டும். அதில் உங்கள் பெயரையும் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள்.