பேய் வரும் நேரத்தில் சிரிப்பு வரலாமா? – வாசகர் கேள்வி பதில்

பேய்ப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்குக் கடிதங்கள் நிறையவே வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைச் சுற்றி வருவதால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு பேய் நகைச்சுவைப் படத்துக்குப் போனேன். இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தும் பயமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. இவை இரண்டும் ஒரே படத்தில் சேரவே சேராதா, அல்லது எனக்குத்தான் வயதாகிவிட்டதா? (ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்)

வயதின் மேல் பழி போட வேண்டாம். இரண்டும் சேரும். சேர்கிற விதத்தை நான் திரையரங்கில் கற்றுக்கொள்ளவில்லை, என் அப்பிச்சியிடம் (கொங்கு நாட்டில் அம்மாவின் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) கற்றுக்கொண்டேன்.

கீழ்பவானி வாய்க்காலில் அவர் காட்டுக்குத் தண்ணீர் முறை நள்ளிரவில் வரும். மடையைத் திருப்பிவிட்டு, தோளில் மண்வெட்டியும் தலையில் துண்டுமாக இட்டேரி எனப்படும் வேலிகளுக்கு நடுவிலான வழியே சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, திரும்பிக்கொண்டிருந்தவருக்கு, கிளுவை வேலி இருபுறமும் நெருக்கும் ஒரு வளைவில், 'டங்… டங்…' என்று ஏதோ தரையில் மோதுகிற ஓசை கேட்டது. அவர் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் அதுவும் நடந்தது. திரும்பிப் பார்த்தபோது, தலையிருக்க வேண்டிய இடத்தில் நிலா வெளிச்சத்தில் பளபளக்கும் உருளை ஒன்றும், அதன் கீழே நான்கு கால்களும் தெரிந்தன. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியவர் சாளைக்குள் போய்த்தான் மூச்சு விட்டாராம். விடிந்து பார்த்தால், பக்கத்துத் தோட்டத்து நாய் வாசலில் படுத்திருந்தது. டால்டா டப்பாவை நக்கப் போய் அதற்குள் தலை மாட்டிக்கொள்ள, ஆள் நடமாட்டம் கேட்ட பக்கமெல்லாம் உதவி தேடிப் பின்னாலேயே வந்திருக்கிறது.

அப்பிச்சி இதைச் சொல்லும்போது டப்பா வெளிப்படும் வரை அவர் முகத்தில் ஒரு கீற்றுச் சிரிப்புக்கூட இருக்காது. டப்பா வந்ததும் நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். ஆனால் அன்று இரவு வெளியே போக வேண்டுமென்றால் ஒருவர் துணையில்லாமல் மற்றவர் எழ மாட்டோம். "அப்புறம் ஏனுங்க அப்பிச்சி இன்னைக்கும் ராத்திரியில அந்த இட்டேரிப் பக்கம் போறதில்ல?" என்று கேட்டால், அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவதில் மும்முரமாகிவிடுவார்.

நீங்கள் பார்த்த படத்தில் இல்லாமல் போனது அந்த ஒழுங்குதான் என்று நினைக்கிறேன். பேயைக் காட்டுவதற்கு முன்பே அது நாய்தான் என்று கண்ணடித்துச் சொல்லிவிட்டால், பார்ப்பவர் ஓடவும் மாட்டார், ஓடியவரைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டார். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்வுகளில்) நகையை முதலிலும் அச்சத்தை ஐந்தாவதாகவும் வைத்து, நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை (அறியாமை), மடன் என்றும், அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு (பேய், தெய்வம் போன்றவை), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்) என்றும் நான்கு நான்காகப் பிரிக்கிறது. இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், பேய் நகைச்சுவைப் படத்தின் இலக்கணம் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிடும். அணங்கு அணங்காகவே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் நிற்கும் மனிதனின் பேதைமைதான் சிரிப்புக்கு உரியது. நாம் பயந்தவனைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும். பேயைப் பார்த்தே சிரிக்கத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு அவன் எதற்காகப் பயப்படுகிறான் என்பதே நமக்கு விளங்காமல் போகும்.

இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த சான்றில் பேயே கிடையாது. ஆழியாறு அணைப் பக்கம் படமாக்கப்பட்ட 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில், தாராபுரத்தில் பிறந்த நாகேஷ், தாம் எடுக்கப்போகும் படத்தின் கதையைத் தந்தையாக வரும் பாலையாவுக்குச் சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பாழடைந்த பங்களாவும் இல்லை, வெள்ளைப் புடவையும் இல்லை. நாகேஷ் தம் வாயாலேயே எல்லா ஓசைகளையும் எழுப்ப, பாலையாவின் முகம் மெல்ல மெல்ல வெளிறுகிறது. பாலையா அங்கே நகைச்சுவை செய்யவில்லை, மெய்யாகவே பயப்படுகிறார். அவர் ஓரக்கண்ணால் நம்மைப் பார்த்து ஒரு முறை சிரித்திருந்தால்கூட அந்தக் காட்சி இத்தனை ஆண்டுகள் தாங்கியிருக்காது.

'சந்திரமுகி' (2005) இதே கணக்கைப் பெரிய அளவில் போட்டது. வடிவேலுவின் நடுக்கம் மாளிகையின் மாடிக்கு ஒரு மரியாதையைத் தேடித் தந்துகொண்டே இருக்கிறது. இவ்வளவு பயப்படுகிறாரே, அங்கே ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று நமக்கும் தோன்றிவிடுகிறது. பிறகு ஜோதிகா கண் விரித்துத் திரும்பும் அந்த அறைக் காட்சியில் வடிவேலுவுக்கு வேலையே இல்லை. அங்கே ஒரு துணுக்கைச் செருகாமல் விட்ட கட்டுப்பாட்டுக்காகவே இயக்குநர் பி. வாசுவைப் பாராட்டுவேன். பிரபு மனம் உடைந்து சொல்லும் "என்ன கொடுமை சரவணன் இது" என்ற வரி பிற்காலத்தில் ஊரெல்லாம் கேலி வசனமாகிப் போனது வேறு கதை. திரையரங்கில் முதல் முறை கேட்டபோது யாரும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

கேள்வி: சிரிக்க வைக்கும் பேய் என்பதே ஹாலிவுட்டிலிருந்து இறக்குமதியான சரக்குதானே? நம் மரபில் பேய் என்றால் வேப்பிலையும் உடுக்கையும்தானே? (ஒரு வாசகர், சேலம்)

அமெரிக்காவில் அப்பாட்–காஸ்டெல்லோ இணை ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தைச் சந்தித்த படம் 1948-இல் வந்தது உண்மைதான். ஆனால் செயங்கொண்டார் அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தவர். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடிய கலிங்கத்துப்பரணியில், பசியால் வாடிய பேய்கள் காளியிடம் போய் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்துக்கு ஓடிவந்து கூழ் சமைக்கின்றன. சமையலுக்கு முன் பல் விளக்க வேண்டுமே? யானையின் தந்தத்தால் பல் விளக்கி, அதன் விலா எலும்பால் நாக்கு வழித்துக்கொள்ளச் சொல்கிறார் புலவர். கூழ் வெந்தபின் பார்ப்பனப் பேய், சமணப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் இயல்பறிந்து வார்க்கிறார்கள். ஏறத்தாழ ஒரு கல்யாணப் பந்தி.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. எந்த உலையில் என்ன கொதிக்கிறது என்று நினைவு வந்ததும் அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. களமும் பிணங்களும் மெய். பேய்கள் மட்டும் நம் வீட்டுப் பந்தியில் நடப்பதைப் போல நடந்துகொள்கின்றன. பயங்கரமான இடத்தில் அன்றாட வேலையை வைப்பது என்ற இந்த உத்தியைத்தான் 'யாமிருக்க பயமே' (2014) தன் போக்கில் கையாண்டது. விடுதியில் தங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாக, நடத்துகிறவர்களின் முதல் கவலை பிணத்தை எங்கே புதைப்பது என்பதாக இருக்கும்.

கேள்வி: சில ஆண்டுகளாக வரும் படங்கள் எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றனவே? ஒரு பங்களா, ஒரு குடும்பம், இடைவேளைக்குப் பின் ஒரு சோகக் கதை, கடைசியில் ஒரு சாமி ஆட்டம். (ஒரு வாசகி, திருப்பூர்)

பனியன் தொழில் நடக்கும் ஊரிலிருந்து அச்சைப் பற்றிக் கேட்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததா? ஒரு வடிவம் விற்றுவிட்டால் அதே அளவில் இன்னும் ஆயிரம் வெட்டுவார்கள். ராகவா லாரன்ஸின் 'முனி' (2007) அந்த அச்சைச் செய்தது, 'காஞ்சனா' (2011) அதை ஊரறியச் செய்தது. பெரும்பகுதிப் படப்பிடிப்பை ஒரே வீட்டில் முடித்துவிடலாம் என்பது தயாரிப்பாளருக்கு இனிக்கிற செய்தி.

'காஞ்சனா'வை நான் ஒதுக்கமாட்டேன். பொழுது சாய்ந்தால் தாயைத் துணைக்கு அழைக்கும் வளர்ந்த ஆண்பிள்ளை என்ற பாத்திரம் தொல்காப்பியர் சொன்ன பேதைமையின் நேர் வாரிசு. எங்கள் வீட்டில் அப்பிச்சி கதைக்குப் பின் நடந்ததும் அதுதான். அதில் சரத்குமார் ஏற்ற திருநங்கைப் பாத்திரத்தின் கதை தொடங்கும்போது படம் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தத் துயரத்துக்கு வழிவிடுகிறது. பின்னால் வந்தவர்கள் இந்த நிறுத்தத்தை எடுத்துக்கொள்ளவில்லை, வாய்ப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறோர் இடத்தில். பேதைமை தீர்ந்துபோன எழுத்தாளர் எள்ளலுக்குத் தாவிவிடுகிறார். பருத்தவர், கறுத்தவர், முன்பல் நீண்டவர் ஆகியோரைக் கொண்டுவந்து நிறுத்தி, 'பேயே இவரைப் பார்த்துப் பயந்துவிட்டது' என்று எழுதிவிடுகிறார். இந்தத் துணுக்கு அருவருப்பானது என்பது ஒருபுறமிருக்க, தொழில்முறையிலும் தற்கொலைக்குச் சமம். பேய் பயந்துவிட்டால் அப்புறம் படத்தில் பயப்படுத்த யார் இருக்கிறார்கள்?

பேயை வைத்தே சிரிக்க வைத்து, அதன் கௌரவத்தையும் காப்பாற்ற முடியும் என்பதற்கு இந்தியில் வந்த 'ஸ்த்ரீ' (2018) நல்ல சான்று. இரவில் கதவைத் தட்டும் ஆவிக்காகக் கர்நாடகத்து மக்கள் 'நாளே பா', அதாவது நாளை வா, என்று கதவில் எழுதிவைத்ததாகச் சொல்லப்படும் செய்தியை ஒத்தது அதன் கதை. சுவரில் எழுதியிருப்பதைப் படித்து, சொன்ன சொல்லை மதித்துத் திரும்பிப் போகிற பேய் என்பதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அது நாளையும் தவறாமல் வரும் என்பதில் பயமும் அப்படியே இருக்கிறது.

கேள்வி: எட்டு வயதுப் பேரனை இத்தகைய படங்களுக்கு அழைத்துப் போகலாமா? (ஒரு வாசகர், நாமக்கல்)

சுவரொட்டியில் நகைச்சுவை நடிகர் இருக்கிறார் என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 2024 முதல் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறார்கள். அந்த எண்ணைப் பாருங்கள். அழைத்துப் போனால் அன்றிரவு பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கௌண்டமணி, மணிவண்ணன், கோவை சரளா என்று நம் பேச்சால் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தவர்கள் உண்டு. ஆனால் கொங்குத் தமிழ் பேசும் ஒரு பேயை நான் பார்த்ததே இல்லை. நம் பேச்சில் பயமுறுத்த முடியாதா? (ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை)

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். 'சந்திரமுகி'க்கு மூலமான மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்' (1993). அதில் வரும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுவாள். கதை தமிழுக்கு வந்தபோது சந்திரமுகி ஆந்திரத்து நடனக்காரியாகித் தெலுங்கு பேசினாள். பேய் எப்போதும் அடுத்த ஊர்க்காரியாகவே இருக்கிறாள். நன்றாகத் தெரிந்த குரல் பயமுறுத்தாது என்று நம்பிவிட்டார்கள் போலும். அதிலும் நம் பேச்சில் சொல்லுக்குச் சொல் ஒட்டிக்கொள்ளும் 'ங்க', கேட்ட மாத்திரத்தில் ஆளைத் தளரச் செய்துவிடுகிறது. மரியாதையாகப் பேசுகிறவர் என்ன செய்துவிடுவார் என்ற நம்பிக்கை அது.

நான் இயக்குநராக இருந்தால் அந்த நம்பிக்கையிலேயே கை வைப்பேன். காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை. மின்சாரம் போயிருக்கிறது. விலை பேச வந்த நகரத்து இளைஞன் வாசலில் நின்று, வீட்டில் யாராவது இருக்கிறீர்களா என்று மூன்று முறை கத்தி, தன் குரலுக்கே பயந்து, கைப்பேசி வெளிச்சத்தில் படியில் இடறி விழட்டும்; அதுவரை அரங்கம் சிரிக்கட்டும். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து ஒரு கிழவியின் குரல், அவசரமே இல்லாமல், "வாங்க கண்ணு… இத்தன வருசங் கழிச்சாவது வந்தீங்களே… ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு உக்காருங்க" என்று கேட்கட்டும். இருட்டிலிருந்து பித்தளைச் சொம்பு ஒன்று நீளட்டும்.

அதை வாங்க நான் கை நீட்டமாட்டேன். நீங்கள்?