மோதலுக்குப் போகும் காரின் சேசிஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க ஊர்த் திருவிழாக்களில் நடைபெறும் டெமாலிஷன் டெர்பியைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். பழைய கார்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, கடைசிவரை நகர்ந்துகொண்டிருக்கும் காருக்குப் பரிசு கொடுக்கும் இந்தப் போட்டி 1950களிலிருந்து அங்கே நடந்து வருகிறது. அதையொட்டி வந்த கடிதங்களில் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம், அதன் வேலை தொடர்பானவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

ஐயா, டெர்பி காணொளிகளில் காரின் பின்பகுதி மேல்நோக்கிச் சுருண்டுகொள்வதைப் பார்க்கிறேன். போட்டிக்கு முன்பே பின்பக்கச் சேசிஸில் வெட்டுப் போடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். மோதப் போகிற வண்டியில் இரும்பைக் கூட்டாமல் குறைப்பது ஏன்?
– டிப்ளமோ மாணவர், தரமணி

டெர்பியில் பழகிய ஓட்டுநர் பெரும்பாலும் ரிவர்ஸில் வந்து டிக்கியால்தான் இடிப்பார். ரேடியேட்டரும் இன்ஜினும் முன்னால் இருப்பதால், முகப்பைக் காப்பாற்றிக்கொண்டால்தான் வண்டி கடைசிவரை ஓடும். ஆகவே பின்பகுதி நசுங்கியே தீரும். எந்தத் திசையில் நசுங்க வேண்டும் என்பதை மட்டுமே முன்கூட்டித் தீர்மானிக்க முடியும்.

பின் சக்கரங்களை இணைக்கும் அச்சான ஆக்சிலுக்கு இடம் விடுவதற்காகச் சேசிஸ் மேலே ஏறி மறுபடி இறங்கும் வளைவு ஒன்று உண்டு. இடியின் விசை நேர்க்கோட்டில் வரும்போது, நேராக இல்லாத இந்த வளைவுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். சேசிஸின் முனை கீழ்நோக்கி மடிந்தால் அது மண்ணைக் கிளறும், டயரில் உரசும், சில இடிகளுக்குள் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். மேல்நோக்கிச் சுருண்டாலோ, டிக்கி உருக்குலைந்து போனாலும் டயர் தடையில்லாமல் சுழலும். பின் சக்கரம் இழுக்கும் கார்களே அங்கே பெரிதும் விரும்பப்படுவதால், வெற்றி தோல்வியையே இது முடிவு செய்துவிடும்.

வெட்டின் வேலை இங்கேதான் வருகிறது. பெட்டி வடிவச் சேசிஸ் வளையும்போது, வளைவின் உட்புறத் தகடு அமுங்குகிறது, வெளிப்புறத் தகடு இழுபடுகிறது. நடுப்பகுதி இரும்பு அவ்வளவாகப் பாடுபடுவதில்லை. அதனால் மேல்தகட்டில் ‘வி’ வடிவத்தில் சிறு வெட்டுப் போட்டாலே அந்த இடத்தின் பலம் கணிசமாகக் குறைந்து, அடி விழும்போது வெட்டின் வாய் மூடிக்கொண்டே முனை மேலெழும். அதே வெட்டைக் கீழ்த்தகட்டில் போட்டால் முனை தரையை நோக்கி மடியும். வெட்டுவதற்குப் பதிலாகச் சுத்தியலால் தட்டிக் குழி விழச் செய்வதும் உண்டு. எதை, எந்த இடத்தில், எத்தனை முறை செய்யலாம் என்பதை அந்தந்தப் போட்டியின் விதிகள்தான் சொல்லும். ஓரிடத்தில் ஏற்பது இன்னோரிடத்தில் தகுதி நீக்கமாகிவிடும்.

இரும்பு வளைவது தோல்வி என்ற எண்ணத்தைத் தாங்கள் விட்டுவிட வேண்டும் என்பதற்காக ஒரு கணக்கையும் சொல்கிறேன். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், அசையாத ஒன்றின்மீது மோதி, 50 செ.மீ. நசுங்கி நிற்கிறது என்று வையுங்கள். சராசரி வேகக்குறைப்பு புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு. அதே கார் 10 செ.மீ. மட்டுமே நசுங்கும் அளவுக்குக் கெட்டிப்படுத்தப்பட்டிருந்தால் அது 35 மடங்காகிறது. காரின் எடை இந்தக் கணக்கில் வரவே இல்லை. நிற்பதற்குக் கிடைத்த தூரம்தான் எல்லாம். தகடு வாங்கிக்கொள்ளாததை ஓட்டுநரின் கழுத்து வாங்கிக்கொள்ளும். மோதல் களங்களில் தண்ணீர் ஊற்றிச் சேறாக்குவதும் கார்கள் வேகம் எடுக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

இதையெல்லாம் கையால் செய்து பார்க்க ஆசை இருந்தால், மாணவர்களே குழாய்ச் சட்டகத்தை வடிவமைத்து, பற்றவைத்து, ஓட்டிக்காட்டும் பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டி தங்களுக்குப் பொருத்தமானது. அங்கே சட்டகத்தின் ஒவ்வோர் இணைப்புக்கும் நடுவர்களிடம் காரணம் சொல்லியாக வேண்டும்.

நான் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். சேசிஸின் இரண்டு பக்கமும் முழு நீளத்துக்குத் தகடு வைத்து ரன்னிங் வெல்டிங் அடித்துவிட்டால் வண்டி அசையாதே. டெர்பிக்காரர்கள் ஏன் அப்படிச் செய்வதில்லை?
– பட்டறை உரிமையாளர், வியாசர்பாடி

செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் அதைத் தடுக்க விதிகள் வந்தன. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விட வேண்டிய பிரிவு, குறிப்பிட்ட அளவு வெல்டிங்கை அனுமதிக்கும் பிரிவு என்று போட்டிகள் பிரிக்கப்பட்டுள்ளன. பல போட்டிகளில் சேசிஸுக்குப் பெயின்ட் அடிக்கவே கூடாது, ஏனென்றால் பெயின்டுக்கு அடியில் புது வெல்டிங்கை ஒளித்துவிடலாம். சந்தேகம் வந்தால் பரிசோதகர் சேசிஸில் துளை போட்டு, உள்ளே வேறு குழாயோ கம்பியோ திணிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். ஆக்சில் வளைவின்மேல் மட்டும் இத்தனை நீளம், இத்தனை கனத்தில் தகடு வைக்கலாம் என்று அளவு சொல்லி அனுமதிக்கும் விதிகளும் உண்டு.

விதி இல்லாவிட்டாலும் தாங்கள் சொல்லும் முறை வேலைக்கு ஆகாது. முழு நீளத்துக்குத் தகடு வைத்த சேசிஸில் மடிப்பு விழாமல் போய்விடுவதில்லை. தகடு முடிகிற இடத்துக்கு அது நகர்கிறது. பட்டறைக்கு வரும் பழைய லாரி ஒன்றின் சேசிஸை அடியில் படுத்துப் பாருங்கள். வலுவூட்டத் தகடு வைத்து, அதன் முனையைச் சதுரமாக வெட்டி, குறுக்கே நேர்க்கோடாக வெல்டிங் அடித்திருந்தால், வெல்டிங் கோட்டை ஒட்டி, தாய்த் தகட்டின் பக்கத்தில், மயிரிழை போல் துருப்பிடித்த ஒரு கோடு ஓடும். அதுதான் விரிசல். வெல்டிங்கின் சூட்டில் குணம் மாறிய இரும்பும், கனம் திடீரென்று மாறும் இடமும் ஒரே கோட்டில் சந்திப்பதால் அது அங்கே பிறக்கிறது. நல்ல லாரி பாடி கட்டுபவர் தகட்டின் முனையைச் சாய்வாகவோ மீன்வாய் போலவோ வெட்டி, வெல்டிங் கோடு சேசிஸுக்குக் குறுக்கே நேராக விழாமல் பார்த்துக்கொள்வார்; மேல், கீழ் விளிம்புகளில் துளை போடவும் மாட்டார். டெர்பிக் காருக்கும் இதே பாடம்தான்.

இன்னொன்று, பழைய அமெரிக்கக் கார்களின் சேசிஸ் சாதாரண மைல்ட் ஸ்டீல், வெல்டிங்குக்கு ஒத்துழைக்கும். இன்று நம் சாலைகளில் ஓடும் புதிய கார்களின் தூண்களிலும் குறுக்குச் சட்டங்களிலும் வெப்ப அழுத்தத்தில் செய்த உயர்பலத் தகடு இருக்கலாம். வெல்டிங்கின் சூடு பட்ட இடத்தில் அது மென்மையாகிவிடும். விபத்து வண்டிக்குப் பழைய வழக்கத்தில் கேஸ் வைத்துச் சூடேற்றி நிமிர்த்துவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்ப்பதற்கு நேராகத்தான் இருக்கும்; அடுத்த விபத்தில் அந்தத் தூண் நிற்காது.

ஓஹியோவில் வேலை பார்க்கும் என் மகன் நண்பர்களோடு சேர்ந்து டெர்பிக்கு ஒரு பழைய கிரவுன் விக்டோரியா காரைத் தயார் செய்கிறானாம். உயிருக்கு ஆபத்து இல்லையா?
– இல்லத்தரசி, அம்பத்தூர்

ஆபத்து இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும் அம்மா. ஆனால் தங்கள் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. பதில்கள் சரியாக வந்தால் தங்கள் கவலை ஓரளவு குறையும்.

காரின் பழைய பெட்ரோல் டேங்கைக் கழற்றிவிட்டு, பின் இருக்கை இருந்த இடத்தில் சிறிய இரும்பு டேங்கை இறுக்கிப் பொருத்தி மூடியிருக்கிறானா? பேட்டரியை இன்ஜின் பக்கத்திலிருந்து எடுத்து, உள்ளே தரையில் அசையாமல் கட்டியிருக்கிறானா? கண்ணாடி எல்லாவற்றையும், விளக்குக் கண்ணாடி உட்பட, அகற்றியிருக்கிறானா? முன்கண்ணாடி இருந்த இடத்தில் பானெட் உள்ளே புகாதபடி சங்கிலியோ கம்பியோ உண்டா? ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னும் பக்கத்திலும் இரும்புக் குழாய்ச் சட்டம், ஓட்டுநர் கதவுக்கு வலுவூட்டல், ஹெல்மெட், கழுத்துப் பட்டை, தீயணைப்பான் ஆகியவை இருக்கின்றனவா? ஓட்டுநர் கதவின்மீது வேண்டுமென்றே இடிப்பவரை டெர்பியில் வெளியேற்றிவிடுவார்கள். அந்தக் கதவுக்குத் தனி நிறம் பூசச் சொல்வதும் அதற்காகத்தான்.

போட்டி நாளைவிடத் தயாரிப்பு நாட்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். காலியான பெட்ரோல் டேங்கின் அருகில் வெல்டிங் அடிக்கக் கூடாது. நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்கே எளிதில் வெடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். இந்த இரண்டையும் இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

நம் அம்பாஸடர் டெர்பிக்கு உதவுமா?
– ஓய்வுபெற்ற கால்டாக்ஸி ஓட்டுநர், புதுப்பேட்டை

அதன் கெட்டித் தகட்டை வைத்துப் பலரும் நினைப்பதுபோல் அம்பாஸடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே சட்டகமாக வேலை செய்யும் மோனோகாக் கட்டுமானம் அது. அடித்தகடு துருப்பிடித்த அம்பாஸடரின் கதவுகள் சரியாக மூடாமல் போவதைத் தாங்களே பார்த்திருப்பீர்கள். டெர்பியில் பெயர் பெற்றவை தனிச் சேசிஸ் உள்ள பெரிய கார்கள். 1966 வரை தனிச் சேசிஸோடு வந்த கிரைஸ்லர் இம்பீரியலை, மற்றக் கார்களால் அதை எதிர்கொள்ள முடியவில்லை என்பதால் பல போட்டிகளில் சேர்ப்பதே இல்லை. நம் ஊரில் அந்த வகைக் கட்டுமானம் சுமோ, பொலேரோ, ஸ்கார்பியோ போன்ற வண்டிகளில்தான் இருக்கிறது.

என்னிடம் ஓடாமல் நிற்கும் பழைய சுமோ இருக்கிறது. சேசிஸை மாற்றி, நண்பர்களோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காலி மனையில் சிறிய அளவில் டெர்பி நடத்தலாமா?
– வாசகர், போரூர்

வேண்டாம். பதிவில் இருக்கும் வண்டியைத் தயாரிப்பாளரின் விவரக் குறிப்புக்கு மாறாகத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 182-ஏ பிரிவு இடம் தருகிறது. சேசிஸை வெட்டி ஒட்டும்போது அதில் பொறித்துள்ள எண் சிதைந்தால், அது திருட்டு வண்டி இல்லை என்று தாங்கள்தான் நிரூபிக்க வேண்டிவரும்.

தனியார் மனை என்பதும் தங்களைக் காப்பாற்றாது. யாராவது இறந்தால் கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு வரும். அமெரிக்கப் போட்டிகளில் பரிசோதகர், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், பார்வையாளருக்கு முன்னால் கான்கிரீட் தடுப்பு எல்லாம் இருக்கும்; நண்பர்கள் சேர்ந்து நடத்தும் மனையில் இவற்றில் எது இருக்கும்? மோட்டார் விளையாட்டில் உண்மையான ஆர்வம் இருந்தால், அதே ஸ்ரீபெரும்புதூர் சாலையில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே பந்தயக் கார்களில் பொருத்தியிருக்கும் பாதுகாப்புச் சட்டகத்தை அருகில் நின்று பார்த்தாலே, ஒரு குழாய் எந்த இடத்தில் ஏன் வருகிறது என்பது புரியும்.

சுமோவை 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்து, வைப்புச் சான்றிதழ் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்துகொள்ளுங்கள். அந்தச் சான்றிதழ் கையில் வரும்வரை ஆர்.சி. புத்தகத்தையோ சேசிஸ் எண் உள்ள பகுதியையோ எந்த இடைத்தரகரிடமும் கொடுக்க வேண்டாம்.