இன்ஜின் எப்போது நிற்கிறது என்று முதலில் கவனியுங்கள்

கேள்வி: என்னுடைய பெட்ரோல் கார் அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் திடீரென்று இன்ஜின் நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிப்பதில்லை. கால் மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. ஸ்பார்க் பிளக், ஃபியூவல் ஃபில்டர், பேட்டரி மூன்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று. இப்போது ஃபியூவல் பம்பையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். பம்ப் கெட்டிருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்காமல் இன்னொரு பாகத்துக்குப் பணம் கொடுப்பது உங்களுக்கு நியாயமில்லை, ஏற்கெனவே மூன்று மாற்றிவிட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே நல்ல துப்பு இருக்கிறது: சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. பழைய பிளக்கோ அடைத்த ஃபில்டரோ பெரும்பாலும் இப்படிச் செய்வதில்லை, அவை இழுவையைக் குறைக்கும், இன்ஜினைத் திணற வைக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்று, ஆறியதும் பிடிக்கிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கிராங்க்ஷாஃப்ட் சென்சாரை.

இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, பிஸ்டன்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தச் சென்சார்தான். அதன் சிக்னல் போனால் இன்ஜின் சுற்றவில்லை என்றே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும், ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் ஒரே சமயத்தில் நிறுத்திவிடும். இன்ஜின் சூட்டில் இருக்கும் பாகம் என்பதால் நாளடைவில் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளோ எலெக்ட்ரானிக் பகுதியோ சூட்டில் மட்டும் தொடர்பு விட்டுப்போகும். ஆறிய நிலையில் மீட்டர் வைத்து அளந்தால் அளவு சரியாகவே காட்டக்கூடும், அதை நம்பிச் சென்சார் நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்த முறை நிற்கும்போது, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். கியரில் கார் உருண்டுகொண்டிருக்க, கிளட்சை இன்னும் மிதிக்காத நிலையில், சக்கரங்கள் இன்ஜினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்போதும் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் சிக்னல் போய்விட்டது என்று அர்த்தம். ஓரமாக நிறுத்தியபின் சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் முள் துளியாவது அசைகிறதா பாருங்கள். சில கார்களில் அவ்வளவு குறைந்த வேகத்தை முள் காட்டாது, அதனால் கார் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படிக்கும் ஸ்கேனரில் ஆர்பிஎம் எவ்வளவு காட்டுகிறது என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் பி0335 (P0335) என்ற பிழைக் குறியீடு பதிவாகியிருந்தால் சந்தேகம் வலுக்கும், ஆனால் வயரும் கனெக்டரும் கெட்டாலும் அதே குறியீடு வரும், ஆகவே அவற்றைப் பார்க்காமல் சென்சாரைக் கழற்ற வேண்டாம்.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் ஒழுங்காக வருகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் அப்போது பம்ப் பக்கம் போகலாம். சாவியை ஆன் வைத்ததும் பல கார்களில் டேங்க் பக்கமிருந்து ஓரிரு நொடி மெல்லிய இரைச்சல் கேட்கும். அது கேட்காவிட்டால் பம்போ அதன் ரிலேயோ ஃபியூஸோ வயரோ. கேட்டாலும் பிரஷர் கேஜ் மாட்டி, இன்ஜின் நிற்கும்வரை ஓடவிட்டு அளந்தால்தான் விடை கிடைக்கும். கார் ஆறியிருக்கும்போது கேரேஜில் ஐந்து நிமிடம் பார்த்து அனுப்பினால் எதுவும் தெரியாது, பிரச்சினை வரும்வரை வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஓடும்போதே இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனமாகும், பிரேக்குக்கு உதவும் வாக்குவம் ஓரிரு மிதிகளுக்கு மட்டும்தான் மிச்சமிருக்கும். மிதித்து மிதித்து விடாமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரத்துக்கு வாருங்கள், கார் நிற்கும்வரை சாவியை வெளியே எடுக்க வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். சரிசெய்யும்வரை நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பினால் மட்டும் இன்ஜின் திணறி நிற்கிறது, மற்ற நேரத்தில் பிரச்சினையே இல்லை. கலப்படமா?

பதில்: கலப்படமாக இருந்தால் அந்த டேங்க் தீரும்வரை தொல்லை இருந்திருக்கும். எனக்குப் பர்ஜ் வால்வு மேல்தான் சந்தேகம். டேங்கில் உருவாகும் பெட்ரோல் ஆவியைக் கரி நிரப்பிய ஒரு டப்பா பிடித்து வைக்கும், அதை இன்ஜினுக்குள் தேவைப்படும்போது திறந்துவிடுவது இந்த வால்வு. அது மூடாமல் மாட்டிக்கொண்டால், டேங்க் நிரம்பிய கையோடு ஆவி மொத்தமாக உள்ளே போய் மூச்சுத் திணற வைக்கும். கரண்ட் இல்லாதபோது வால்வு மூடியிருக்க வேண்டும், கழற்றிய வால்வில் காற்று தாராளமாகப் போனால் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் பங்கில் நாசில் தானாக நின்றபிறகு இன்னும் கொஞ்சம் என்று ஊற்றச் சொல்லும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பெட்ரோல் அந்தக் கரி டப்பாவுக்குள்ளேயே போய்விடும்.

கேள்வி: சிக்னலில் ஏசி ஓடும்போது மட்டும் நிற்கிறது. ஏசியில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கம்ப்ரசர் சுமை ஏறும்போது ஐடில் வேகத்தை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகத்தை, தாங்கிப்பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டு இருக்கும் த்ராட்டில் பாடியில் படிந்த கார்பனைச் சுத்தம் செய்யுங்கள், காற்றுக் குழாய்களில் விரிசல் இருக்கிறதா, உஸ்ஸென்ற சத்தம் கேட்கிறதா பாருங்கள். சுத்தம் செய்தபிறகு சில கார்களில் ஐடில் அளவைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்க வேண்டியிருக்கும், அதைச் செய்யாமல் விட்டால் முன்பைவிட மோசமாக ஓடுவதுபோல் தோன்றும். எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் சாவி ஆனில் இருக்கும்போது அந்தத் தட்டை விரலால் தள்ளாதீர்கள்.