கடலுக்கு எடுத்துச் செல்லும் கத்தி

கேள்வி: விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் படகில் சென்று தூண்டில் போடுவது என் வழக்கம். இரை நறுக்கவும், கிடைத்த பாரையையும் சீலாவையும் அங்கேயே சுத்தம் செய்யவும் எவர்சில்வர் கத்தி ஒன்று வாங்கினேன். சில வாரங்களிலேயே அதன் அலகில் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிட்டன. வீட்டு எவர்சில்வர் குடம் பல ஆண்டுகளாகப் பளபளவென்று இருக்கும்போது, கத்தி மட்டும் ஏன் துருப்பிடிக்கிறது? வேறு எந்தக் கத்தியை வாங்கலாம்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: குடமும் கத்தியும் ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் அவை ஒரே உலோகத்தால் ஆனவை அல்ல. நல்ல தரமான பாத்திரத்தில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். கார்பன் மிகக் குறைவு. அந்த எஃகு துருவை நன்றாகத் தாங்கும், ஆனால் அதைக் காய்ச்சித் தோய்த்துப் பதமேற்ற முடியாது என்பதால் அதில் கூர் நிற்காது. கத்திக்குக் கூர் நிற்க வேண்டுமானால் கார்பன் வேண்டும். அந்தக் கார்பனோ குரோமியத்தின் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக் கடினமான துகள்களாக்கிவிடுகிறது. மேற்பரப்பைக் காப்பதற்கு எஞ்சும் குரோமியம் அந்த அளவுக்குக் குறைகிறது. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள்: கத்தியில் ஒட்டும், நல்ல குடத்தில் பெரும்பாலும் ஒட்டாது.

குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக எஃகின் மேல் படிகிறது. கீறல் விழுந்தாலும் அது தானாகவே மீண்டும் உருவாகும். ஆனால் ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்து, துளைத்த இடத்தில் உள்நோக்கி அரித்துக்கொண்டே செல்கிறது. நீங்கள் கண்ட புள்ளிகள் அந்தக் குழிகளின் வாய்கள்தாம்.

ஆகவே, வாங்கும்போது பெட்டியில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று இருப்பதோடு நின்றுவிடாமல், எஃகின் வகை எண்ணைக் கேளுங்கள். 440சி என்ற வகையில் குரோமியம் 16 முதல் 18 விழுக்காடு வரை இருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அதிலேயே கார்பனும் ஏறக்குறைய ஒரு விழுக்காடு இருப்பதால் அந்தக் குரோமியம் முழுவதும் காவலுக்குக் கிடைப்பதில்லை. சுவீடனின் 12சி27 எஃகில் குரோமியம் 13.5 விழுக்காடுதான், ஆனால் கார்பன் 0.6 விழுக்காடு மட்டுமே. உங்களைப் போல அவ்வப்போது கடலுக்குச் சென்று, வீடு திரும்பியதும் கத்தியைக் கழுவி வைப்பவருக்கு இதுவோ, இதைவிட மென்மையான 420 வகையோ போதும் என்பது என் கருத்து. மழுங்கிய கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்ளலாம். கூர்விளிம்பிலேயே குழி விழுந்துவிட்டால் அந்த அளவுக்கு உலோகத்தையே தேய்த்துத் தள்ள வேண்டியிருக்கும்.

கத்தியைப் படகிலேயே போட்டு வைப்பவர்களுக்கு மட்டும் எச்1, எல்சி200என் ஆகிய வகைகளைச் சொல்வேன். இவற்றில் கார்பனைக் குறைத்து நைட்ரஜனைச் சேர்த்திருக்கிறார்கள்; எல்சி200என் வகையில் குளோரைடை எதிர்க்கும் மாலிப்டினமும் சுமார் ஒரு விழுக்காடு உண்டு. விலை பல மடங்கு ஆகும். கறுப்புப் பூச்சுப் பூசிய சாதாரண இரும்புக் கத்தியைப் பரிந்துரைக்க மாட்டேன்; தீட்டிய விளிம்பில் பூச்சு இருக்காது, துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

எஃகைப் போலவே அமைப்பும் முக்கியம். மடக்குக் கத்தியின் கீலுக்குள் மீன் இரத்தமும் செதிலும் உப்பும் புகுந்து தங்கும். காற்றுப் புகாத அந்த இடுக்கில் பாதுகாப்புப் படலம் புதுப்பிக்கப்படாது. மடக்காத, பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பிடி இடைவெளியின்றி வார்க்கப்பட்ட கத்தியை வாங்குங்கள். தோல் உறை ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; அடியில் தண்ணீர் வடியத் துளையுள்ள பிளாஸ்டிக் உறையே நல்லது.

கேள்வி: மீன் வெட்டிய கத்தியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, பிறகு தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன். இது சரியா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: ஊறவைப்பதை உடனே நிறுத்திவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலும் கடல் நீரைப் போலவே அந்தப் படலத்தைத் தாக்கும். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, பிடியும் அலகும் சேரும் இடம் உட்பட ஈரம் போகத் துடைத்து, உறையில் போடாமல் காற்றாட வைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் கெடுதல் இல்லை. ஆனால் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். பல நாட்கள் எடுக்காமல் வைக்கப் போகும் கத்திக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை மெல்லியதாகத் தடவுங்கள். புள்ளிகள் ஏற்கெனவே விழுந்திருந்தால் சமையல் சோடாவைக் குழைத்துப் பச்சை நாரால் தேயுங்கள். இரும்புக் கம்பி நாரால் தேய்த்தால் அதன் துகள்கள் அலகில் ஒட்டிக்கொண்டு அவையே புதிதாகத் துருப்பிடிக்கும்.