பொடி எழுத்தும் கொஞ்சம் கணக்கும்: கேள்வி பதில்

மென்பொருள் துறையில் இருப்பவன் என்பதால் கருவிகள், வேலை, பயணம் பற்றி நண்பர்களும் இளையவர்களும் கேள்விகள் அனுப்புவதுண்டு. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: அலுவலக வேலையாக எமிரேட்ஸ் விமானத்தில் துபாய் வழியாக மியூனிக் செல்கிறேன், ஐயா. 20,000, 30,000 எம்ஏஎச் கொண்ட பவர் பேங்குகள் இரண்டையும் செக்-இன் பெட்டியில் வைத்துவிடலாமா?

பதில்: கூடாது. சரக்கு அறையில் தீப்பிடித்தால் கையால் அணைக்க ஆள் இல்லை என்பதால், பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். விமான நிறுவனங்கள் வரம்பு வகுத்திருப்பது எம்ஏஎச் கணக்கில் அல்ல, சேமிக்கும் மின் ஆற்றலைச் சொல்லும் வாட்-அவர் கணக்கில். எம்ஏஎச் எண்ணை ஆயிரத்தால் வகுத்து, மின்கலத்தின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால், உங்கள் சிறியது 74 வாட்-அவர், பெரியது 111. நூறு வரை அனுமதி வாங்க வேண்டியதில்லை, நூறுக்கும் 160-க்கும் இடைப்பட்டதற்கு முன் அனுமதி வேண்டும் என்பதே பொது விதி. ஆனால் 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் தீக்கிரையாகி, பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என விசாரணையில் தெரியவந்த பிறகு கெடுபிடி கூடிவிட்டது. எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒன்றைத்தான் அனுமதிக்கிறது. அதுவும் நூறுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், பறக்கும்போது பயன்படுத்தவும் கூடாது. ஆகவே பெரியதை வீட்டில் விட்டுவிடுங்கள். சிறியதன் முதுகில் உள்ள பொடி எழுத்து தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அளவு தெரியாவிட்டால் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், வாதாடிப் பயனில்லை.

கேள்வி: அங்கே மின்மாற்றி தேவைப்படுமா?

பதில்: ஜெர்மனியிலும் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது என்பதால் அடாப்டர் மட்டும் போதும்.

கேள்வி: பதினோரு ஆண்டுகளாக மேனுவல் டெஸ்டிங் (மென்பொருளைக் கையால் சோதிக்கும் வேலை) செய்கிறேன், அண்ணா. ஆட்டோமேஷன் தெரியாதவர்களுக்கு இனி வேலை இல்லை என்கிறார்கள். செலினியம் படிக்கவா, பிளேரைட் படிக்கவா?

பதில்: இரண்டுமே இணையதளச் சோதனைகளை நிரல் எழுதித் தானாக நடத்த உதவும் கருவிகள். செலினியம் 2004-இல் பிறந்தது, பழைய நிறுவனங்களில் அதில் எழுதிய சோதனைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் பிளேரைட் வந்தது 2020-இல். இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பிளேரைட்டையே சொல்வேன். புதியவர்கள் செலினியத்தில் முதலில் எழுதுவது, பொத்தானை அழுத்து, ஐந்து விநாடி காத்திரு, அடுத்ததைப் பார் என்ற வகை நிரல். சர்வர் ஆறாவது விநாடியில் பதில் சொன்னால் பிழையே இல்லாத மென்பொருள் தோற்றதாக அறிக்கை வரும். நான்கு முறை அப்படி வந்தால் அந்தச் சோதனையை யாரும் மதிக்க மாட்டார்கள். பிளேரைட், பொத்தான் திரையில் தெரிந்து அழுத்தத் தயாராகும் வரை தானே காத்திருக்கும். செலினியத்திலும் இதைச் செய்யலாம், ஆனால் நீங்களே எழுத வேண்டும். இரண்டையும்விடப் பெரிய மூலதனம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பு அனுப்பிய பணம் எந்தத் தேதியில் பதிவாகும், பிப்ரவரி 29-இல் தொடங்கிய சந்தா அடுத்த ஆண்டு எந்த நாளில் புதுப்பிக்கப்படும் என்று கேட்கத் தெரிந்த மனம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நீங்கள் கையால் செய்து சலித்துப்போன சோதனைகளில் பத்தை எடுத்து, திரையைத் தொடாமல் ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல்) வழியாகச் செய்யக்கூடியவற்றை முதலில் எழுதுங்கள். நேர்காணலில் சான்றிதழைவிட அந்தப் பத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும்.

கேள்வி: நான்கு ஆண்டுகள் முடித்து வேறு நிறுவனத்துக்கு மாறுகிறேன். பி.எஃப். பணத்தை எடுத்து ஒரு நல்ல மடிக்கணினி வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: வேண்டாம். தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுப் பணி நிறைவதற்கு முன் கணக்கை முடித்தால் அந்தப் பணத்துக்கு வரி உண்டு. அதே யூஏஎன் எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) புதிய நிறுவனத்துக்கு மாற்றினால் பழைய நான்கு ஆண்டுகளும் சேர்ந்தே கணக்கிடப்படும். ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்து ஆண்டுகளுக்கும் அவை உதவும். மடிக்கணினியைத் தவணையில் வாங்குங்கள்.

கேள்வி: ரயிலில் என் மடிக்கணினி சார்ஜ் ஆகிறது. கெட்டிலில் வெந்நீர் மட்டும் ஏன் வைக்கக் கூடாது என்கிறார்கள்?

பதில்: எல்.எச்.பி. எனப்படும் புதுவகை ரயில் பெட்டிகளின் சார்ஜிங் பிளக்கில் பெரும்பாலும் 110 வோல்ட்தான் வருகிறது. மடிக்கணினி சார்ஜர் 100 முதல் 240 வரை எதையும் ஏற்கும். அதன் அடியிலேயே அச்சிட்டிருக்கும். கெட்டில் 230-க்கு மட்டுமே செய்யப்பட்டது. மின்னழுத்தம் பாதியானால் வெப்பம் கால்வாசியாகிவிடும் என்பதால் 1,500 வாட் கெட்டில் அங்கே 350 வாட்கூடத் தராது. அந்தக் கம்பியும் கைப்பேசிக்காகப் போட்டது. நெருப்பு அபாயம் கருதியே ரயில்வே தடை விதித்திருக்கிறது. வெந்நீர் வேண்டுமானால் பேன்ட்ரி ஊழியரிடம் பிளாஸ்க்கை நீட்டுங்கள்.