சீனாவில் ஒருநாள் டூர்: அந்தத் துணைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: பள்ளி விடுமுறையில் கிள்ளானிலிருந்து குடும்பத்தோடு பெய்ஜிங் போகிறோம். நான், மனைவி, 10 வயது மகன், 5 வயது மகள், முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மா. ஒரு திங்கட்கிழமைக்கு ஒருநாள் டூர் பேசியிருக்கிறோம். காலையில் ஃபர்பிடன் சிட்டி (பழைய அரச அரண்மனை), பிறகு ஜேட் கல் கண்காட்சி, சாப்பாடு, மதியம் மூத்தியன்யூ பெருஞ்சுவர், கேபிள் கார், கடைசியில் தேநீர் விருந்து. எல்லாம் சேர்த்து ஆளுக்கு 180 யுவான். கடைகளில் இறக்கிவிட்டு வாங்கச் சொல்லி நெருக்குவார்களா? மறுக்கலாமா?

பதில்: மறுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் பயணத் திட்டத்தையே பாருங்கள். ஃபர்பிடன் சிட்டி திங்கட்கிழமை மூடியிருக்கும். அரசு விடுமுறை நாளாக இருந்தால்தான் திறப்பார்கள். திங்களன்று உள்ளே கூட்டிப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர், வடக்கே இருக்கும் ஜிங்ஷான் குன்றில் ஏற்றிவிட்டு, மேலிருந்து அரண்மனைக் கூரையைக் காட்டிக் கணக்கை முடித்துவிடுவார். அந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் 2 யுவான்.

அடுத்தது காசுக் கணக்கு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஃபர்பிடன் சிட்டி டிக்கெட் பெரியவர்களுக்கு 60 யுவான். மூத்தியன்யூ நுழைவு சுமார் 40, கேபிள் கார் போக வர சுமார் 140. டிக்கெட்டுக்கே 240 ஆகிவிட்டது. வண்டி, டிரைவர், கைடு, சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்து 180 வாங்குகிறவர் மீதியை எங்கே எடுப்பார்? ஜேட் கடையில்தான். விற்றதில் ஒரு பங்கு, பல கடைகளில் கூட்டி வந்த தலைக்கும் ஒரு தொகை. நீங்கள் எதுவும் வாங்காவிட்டாலும் உங்கள் நேரம் விற்கப்பட்டுவிட்டது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 2013 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் சீனச் சுற்றுலாச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, நியாயமில்லாத குறைந்த விலையில் ஆள் சேர்த்துக் கடைகளில் கமிஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. அப்படி ஏமாற்றப்பட்டால், பயணம் முடிந்த 30 நாளுக்குள் நிறுவனத்தைக் கேட்கலாம். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் வேலையை அதுவே பார்த்து, பணத்தையும் முதலில் தன் கையிலிருந்து தர வேண்டும்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. பலரும் மாட்டிக்கொள்வது அங்கேதான். இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்டாலோ பயணியே கேட்டாலோ, மற்றவர்களின் பயணம் பாதிக்காதவரை, கடைக்குக் கூட்டிப்போகலாம் என்கிறது அதே பிரிவு. அதனால் காலையில் பேருந்தில் ஏறியதும் ஒரு தாள் நீட்டுவார்கள். “இன்சூரன்ஸ் பாரம்”, “வருகைப் பதிவு” என்பார்கள். அது பெரும்பாலும் சீனத்தில் அச்சிட்ட துணை ஒப்பந்தம்: ‘கடைக்குப் போக நானாகவே விரும்பிக் கேட்டேன்.’ கையெழுத்துப் போட்டுவிட்டால், பின்னால் பணத்தைக் கேட்கும்போது உங்கள் முகத்துக்கு நேரே அதைத்தான் நீட்டுவார்கள். எந்தத் தாளானாலும் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். கடை, வாங்குதல், விருப்பம் என்று வந்தால் கையெழுத்து வேண்டாம். ஏற்கெனவே வாட்ஸ்ஆப்பில் ‘கடைகளுக்கும் சரி’ என்று உங்கள் ஏஜென்டுக்கு எழுதியிருந்தால் அதையும் மாற்றி எழுதுங்கள்; அதுவும் சம்மதமாகவே எண்ணப்படலாம்.

கடைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். விற்பனைப் பெண் வளையலால் கண்ணாடியைக் கீறிக் காட்டுவார். கீறல் விழுந்ததால் அசல் ஜேட் என்பார். சாயமேற்றிய குவார்ட்ஸ் கல்லும் கண்ணாடியைக் கீறும், அதனால் அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது. பிறகு ‘முதலாளி’ வருவார், உங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டு மகிழ்வார், 8,000 யுவான் வளையலை 800க்குத் தருவார். இலவசப் பாத மசாஜ் என்று கூட்டிப்போனால் இன்னும் மோசம். ‘டாக்டர்’ வந்து நாடி பிடித்து, அம்மாவின் மூட்டுக்கும் சர்க்கரைக்கும் சேர்த்து மருந்து எழுதிவிடுவார். அம்மாவை அங்கே தனியாக உட்கார விடாதீர்கள்.

சுவருக்கு வருவோம். மூத்தியன்யூவில் மேலே போக இரண்டு வழி. கேபிள் கார் 14ஆம் காவல் கோபுரத்தருகே விடும். திறந்த நாற்காலி லிஃப்ட் 6ஆம் கோபுரத்தருகே விடும். சறுக்கு வண்டி இறங்குவதும் அங்கிருந்துதான். இரண்டையும் நடத்துவது வெவ்வேறு நிறுவனங்கள், ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. கைடு தனக்கு வசதியானதை மொத்தமாக எடுத்துவிடுவார். அம்மாவுக்கும் மகளுக்கும் கேபிள் கார் போக வர எடுக்கச் சொல்லுங்கள். மகன் சறுக்கு வண்டி கேட்பான். அவனோடு ஒருவர் கேபிள் காரில் ஒருவழி ஏறி, 14இலிருந்து 6 வரை படிகளில் நடந்து, சறுக்கு வண்டிக்கு ஒருவழி டிக்கெட் எடுங்கள். செலவு கூடும்தான். சறுக்கு வண்டிக்கு வயது, உயரக் கட்டுப்பாடுகள் உண்டு, அம்மாவுக்கு அது வேண்டாம்.

அரண்மனையை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு வாசலில் நுழைந்து வடக்கே வெளியேற ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கல்தரை. சுவரும் அதுவும் ஒரே நாளில் அந்த முழங்காலுக்குத் தாங்காது. டிக்கெட் விஷயம் தலைவலி. 7 நாள் முன்னால், பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்குத் திறப்பார்கள் (மலேசியாவிலும் அதே நேரம்தான்). கூட்டமான மாதங்களில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலியாகிவிடும். வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். இலவசமாகப் போகும் குழந்தைக்கும் பாஸ்போர்ட் எண்ணோடு பதிவு வேண்டும். எண்ணில் ஓர் எழுத்துத் தவறினால் வாசலில் மல்லுக்கட்ட வேண்டியதுதான். வெளிநாட்டுக் குடும்பம் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இடைத்தரகர்கள் பிழைப்பதே இதை வைத்துத்தான். ‘டிக்கெட் உறுதி’ என்று ஒரு மாதம் முன்னாலேயே சொல்பவரை நம்பாதீர்கள், அப்போது டிக்கெட்டே திறந்திருக்காது.

ஏஜென்டுக்கு இன்றே எழுதுங்கள். சீனாவில் டூரை நடத்தப்போகும் நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் வேண்டும். கடை இல்லாத டூர், சீனத்தில் ‘சுன் வான்’, என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சுவர் மட்டும், தேநீர் விருந்து வேண்டாம். விலை இரண்டு மூன்று மடங்கு ஏறும், அதுதான் உண்மையான விலை. ஏஜென்ட் மறுத்தால் முன்பணத்தை விட்டுவிடுவதே லாபம். அங்கே போய்த் தகராறு வந்தால் 12345க்கு (நகர அரசின் புகார் எண்) அழையுங்கள், ரசீதையும் கைடின் அடையாள அட்டையையும் படமெடுத்து வைத்துக்கொண்டு.