ஒரே வீரியமான ஆன்டிபயாடிக் போதாதா? மெனிஞ்சைடிஸுக்கு (மூளையைச் சுற்றியுள்ள உறையில் வரும் தொற்று) ஏன் இரண்டு மூன்று சேர்த்துப் போடுகிறார்கள்?

கேள்வியோடு இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: முதல் நாள் மூன்று மருந்து போட்டார்கள், ரிப்போர்ட் வந்ததும் ஒன்றைத் தவிர மற்றதை நிறுத்திவிட்டார்கள், இது சரியா என்று. நான் டாக்டர் இல்லை, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வைத்துப் பார்க்கிற மைக்ரோபயாலஜி லேப் பக்கத்து ஆள். எங்கள் பக்கத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

மருந்தைக் கூட்டினால் பலம் கூடும் என்ற கணக்கு இந்த நோயில் ஒருமுறை பயங்கரமாகப் பொய்த்திருக்கிறது. லெப்பர், டவ்லிங் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1951-ல் வெளியிட்ட ஆய்வு அது. நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் மெனிஞ்சைடிஸுக்குப் பென்சிலினோடு டெட்ராசைக்ளின் வகை மருந்தான ஆரியோமைசினையும் சேர்த்துக் கொடுத்த 14 பேரில் 11 பேர் இறந்துபோனார்கள், பென்சிலின் மட்டும் கொடுத்தவர்களில் இறப்பு விகிதம் அதில் பாதிகூட இல்லை. பென்சிலின், வளர்ந்துகொண்டிருக்கிற பாக்டீரியாவைத்தான் சுவரை உடைத்துக் கொல்லும்; ஆரியோமைசினோ வளர்ச்சியையே நிறுத்திவைத்துவிடும். உடம்பில் வேறு இடமாக இருந்தால் மிச்சத்தை நோயெதிர்ப்பு சக்தி பார்த்துக்கொள்ளும், ஆனால் மூளையைச் சுற்றியுள்ள நீரில் அதற்கான புரதங்கள் மிகக் குறைவு. கொல்கிற வேலையை மருந்தேதான் செய்யவேண்டும்.

சரி, அப்புறம் ஏன் சேர்க்கிறார்கள்? அந்த நீருக்குள் போய்ச் சேருகிற மருந்தின் அளவு ரத்தத்தில் இருப்பதைவிட ரொம்பக் கம்மி. அதனால்தான் லேப் சோதனைகளுக்கு வரம்பு வகுக்கும் அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ அமைப்பு 2008-ல் நிமோகாக்கஸுக்கு இரண்டு தனித்தனி பென்சிலின் வரம்புகள் வைத்தது. ஊசியில் போகிற பென்சிலினுக்கு, நுரையீரல் தொற்று என்றால் எம்ஐசி (கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவு) 2 வரை 'கேட்கும்', அதாவது மருந்து வேலை செய்யும், என்று எழுதுவோம், மெனிஞ்சைடிஸ் என்றால் 0.12-லேயே 'கேட்காது' என்று எழுதிவிடுவோம். கிருமி அதேதான், இடம்தான் வேறு.

இந்தக் கிருமி மருந்தை உடைப்பதில்லை, மருந்து ஒட்டுகிற புரதத்தையே மாற்றிக்கொள்கிறது (மருந்தை உடைக்கும் நொதியைத் தடுக்கிற கிளாவுலனேட்டைச் சேர்த்துப் பயனில்லாமல் போவது இதனால்தான்). மெனிஞ்சைடிஸுக்கு முக்கியமாகப் போடுகிற, பென்சிலினைப் போலவே வேலை செய்யும் செஃப்ட்ரியாக்சோனும் பலிக்காமல் போகலாம் என்ற சந்தேகத்தில்தான் வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைச் சேர்க்கிறார்கள், அது வேறு இடத்தில் ஒட்டுவது. ஆனால் அது பெரிய மூலக்கூறு, மூளை நீருக்குள் சரியாகப் போகாது, அதனால் அதை மட்டும் நம்பி விடுவதும் இல்லை. இதில் ஒரு சிக்கல் வேறு. வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போடுகிறார்கள் அல்லவா, வீக்கம் குறையக் குறைய வான்கோமைசின் நுழைகிற வழியும் அடைபடும் என்பது முயல்களில் பார்த்த விஷயம். அதற்காக டெக்சாமெத்தசோனை விட்டுவிட முடியாது, நிமோகாக்கஸில் அது உயிரைக் காப்பாற்றுகிறது. செஃப்ட்ரியாக்சோன் எம்ஐசியும் ஏறியிருந்தால் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கை மூன்றாவதாகச் சேர்ப்பதுண்டு. அது நன்றாக உள்ளே போகும், ஆனால் தனியாகக் கொடுத்தால் சீக்கிரமே எதிர்ப்பு முளைத்துவிடும் என்பதால் எப்போதும் துணையோடுதான்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் ஆம்பிசிலின் சேர்ப்பது லிஸ்டீரியா என்ற வேறொரு பாக்டீரியாவுக்காக, செஃப்ட்ரியாக்சோன் அதைத் தொடவே தொடாது.

மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு வருகிற அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்று இன்னும் மோசம். மெரோபெனெம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை என்றால் கோலிஸ்டின் என்ற மருந்துதான் மிச்சம், நரம்பில் (அதாவது ரத்தக் குழாயில்) போட்டால் அது மூளைக்குப் போதிய அளவு போய்ச் சேராது, அதனால் நரம்பு வழியாகவும் கொடுத்து, டியூப் மூலம் மூளையின் நீரறைக்குள்ளேயும் நேராகச் செலுத்துகிறார்கள். மூளை நீரை வடிக்க உள்ளே பொருத்திய ஷன்ட் குழாயில் தொற்று இருந்தால் பொதுவாக அதையும் எடுத்துவிடுவார்கள்.

நீங்கள் கேட்ட நிறுத்தின விஷயம்: முதல் நாள் எந்தக் கிருமி என்று தெரியாது, கல்ச்சர் வரும்வரை ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க முடியாது, அதனால் வாய்ப்புள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். சாதாரண நிமோகாக்கஸ், செஃப்ட்ரியாக்சோன் நன்றாகக் கேட்கிறது என்று லேப் எழுதிக்கொடுத்தபின் வான்கோமைசினைத் தொடர்ந்தால் கிட்னிக்குத்தான் கேடு. உங்கள் நோயாளிக்கும் அப்படித்தான் ரிப்போர்ட் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதில் செஃப்ட்ரியாக்சோனுக்கு நேராக 'மெனிஞ்சைடிஸ்' வரம்பைப் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.